பழைய மினி டிராக்டரில் ரோட்டவேட்டர் மாட்டுகிறீர்களா? பட்டறைக்கு போகும் முன் இதை பாருங்க

கோபி,

மஞ்சள், வாழை, தென்னை வரிசைகளுக்கு நடுவே பெரிய டிராக்டர் நுழையாது. அதனால் மினி டிராக்டருக்கு கோபி, பவானி, சத்தியமங்கலம் பக்கம் தோட்டக்காரர்களிடம் எப்போதும் கிராக்கிதான். புது வண்டி கட்டுப்படியாகாதவர்கள் 15, 20 வருடம் ஓடிய செகண்ட் ஹேண்ட் வண்டியை பிடித்து வருகிறார்கள். வந்த கையோடு, பின்னாடி ஒரு ரோட்டவேட்டரை மாட்டிக் கொடுங்க என்று பட்டறையில் போய் நிற்கிறார்கள்.

மாட்டலாம், தப்பில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால் முதலில் போவது கியர் பெட்டி. சில சமயம் கையோ காலோ போய் விடும்.

கொத்துக்கலப்பையை டிராக்டர் இழுத்தால் போதும். ரோட்டவேட்டர் அப்படி அல்ல. என்ஜின் சக்தி பி.டி.ஓ. தண்டு வழியாக பின்னால் போய் கத்திகளை சுற்ற வேண்டும். எனவே பழைய வண்டியில் தூக்கி இறக்கும் லிப்ட், பி.டி.ஓ. இரண்டையும் முதலில் சோதிக்க வேண்டும்.

லிப்ட் தாங்குமா?

கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க் என்ற இந்த மூன்று புள்ளி இணைப்பு ஹாரி பெர்குசன் என்பவர் உருவாக்கியது. 1939-ல் போர்டு டிராக்டரில் வந்தது. இன்றும் அதே முறைதான். அளவில்தான் சிக்கல். ரொம்ப சின்ன வண்டிகளில் பின் 16 மி.மீ. கனம் இருக்கும். அடுத்த சைசில் கீழ் பின் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ. கைகளுக்கு நடுவே உள்ள அகலமும் மாறும். ஓட்டை பெரிதாக இருந்தால் புஷ் போட்டு சரி செய்யலாம். சின்ன கையை துளைத்து பெரிதாக்கினால் முனை மெலிந்து, வரப்பு ஏறும்போது உடையும்.

ரோட்டவேட்டரை தூக்கி நிறுத்தி என்ஜினை ஆப் செய்து பாருங்கள. மளமளவென்று கீழே இறங்கினால் லிப்ட் சீல் போய்விட்டது என்று அர்த்தம். தூக்கிய நிலையில் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேசாமல் போனால் முன்னால் வெயிட் கட்ட வேண்டும்.

18, 20 எச்.பி. வண்டிக்கு 3 அடி ரோட்டவேட்டர் போதும். 4 அடி ஆசை வேண்டாம், என்ஜின் திணறும். அதே நேரம் பின் சக்கரங்களின் வெளி அகலத்தையும் அளக்க வேண்டும். ரோட்டவேட்டர் அதைவிட குறுகலாக இருந்தால் டயர் மிதித்த தடம் உழாமல் கெட்டியாக கிடக்கும்.

தண்டு நீளத்தில் கவனம்

பெரும்பாலான ரோட்டவேட்டர்கள் பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் கணக்கில் செய்யப்பட்டவை. சில வண்டிகளில் அதைவிட வேகமான இன்னொரு நிலையும் உண்டு. லிவர் அதில் கிடந்தால் கியர் பெட்டி தாங்காது.

தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும், சுருங்கும். நீளம் அதிகமானால், ரோட்டவேட்டரை தூக்கும்போது சுருங்க இடமில்லாமல் முட்டி டிராக்டரின் பி.டி.ஓ. பெட்டியையே பிளந்து விடும். மெதுவாக தூக்கி, இறக்கி, எந்த நிலையில் தண்டு ரொம்ப சுருங்குகிறது என்று பார்த்து, அப்போதும் ஒரு அங்குலமாவது இடைவெளி இருக்கும்படி வெட்ட வேண்டும். அதற்காக ஒட்ட வெட்டினால் நீளும்போது கழன்று அடிக்கும்.

பழைய சிங்கிள் கிளட்ச் வண்டிகளில் இன்னொரு தொல்லை. கிளட்சை மிதித்தாலும், சுற்றிக்கொண்டிருக்கும் கத்திகளின் வேகம் கியர் வழியாக திரும்பி வந்து வண்டியை முன்னே தள்ளும். நிறுத்தினோம் என்று நினைப்போம், வண்டி கிணற்று மேட்டை தாண்டி போகும். இதற்கு 'ஓவர் ரன்னிங் கிளட்ச்' என்ற சின்ன கப்ளிங்கை பி.டி.ஓ.வில் மாட்ட வேண்டும். இதை மாட்டினால் நீளம் கூடும் என்பதால், மாட்டிய பிறகே தண்டை வெட்ட வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.

கவர் எங்கே?

பழைய ரோட்டவேட்டர் வாங்கும்போது எல்லோரும் கத்தியை தடவிப் பார்க்கிறார்கள். தண்டின் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கவரை யாரும் கேட்பதில்லை. கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள்.

540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. 3 அங்குல கனமுள்ள இணைப்பில் லுங்கி முனை சிக்கினால் ஒரே நொடியில் 2 மீட்டர் துணி சுற்றிக்கொள்ளும். கையை இழுக்க ஏது நேரம்? துண்டு, சேலை முந்தானை, விரித்துப் போட்ட தலைமுடி எல்லாமே ஆபத்துதான். புது கவர் வாங்காமல் வண்டியை பட்டறையை விட்டு எடுக்காதீர்கள்.

வாழை நார், சொட்டுநீர் டியூப் கத்தியில் சுற்றிக்கொண்டால் என்ஜினை நிறுத்தி, சாவியை பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். தூக்கிய ரோட்டவேட்டருக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகே கையை விட வேண்டும். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைத்து உழுவது வேண்டவே வேண்டாம்.

ஒன்றிரண்டு ஏக்கர் மட்டும் வைத்திருப்பவர்கள் இந்த செலவை ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது. வேளாண்மை பொறியியல் துறையில் ரோட்டவேட்டருடன் டிராக்டர் மணிக்கணக்கில் வாடகைக்கு கிடைக்கிறது. உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். சீசன் நேரத்தில் வரிசை நீளமாக இருக்கும், முன்கூட்டியே பதிவு செய்து விடுங்கள்.