கோழிக்குக் கொடுக்கும் நீரும் மூலிகையும்

முட்டையிடும் கோழியொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய கால் லீற்றர் நீர் அருந்தும். வெயிற் காலத்தில் இதனினும் கூடுதலாக அருந்தும். ஆகவே தீனைப் போலவே நீரையும் கவனித்தல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கற் பாறையில் தங்குவது. தோட்டங்களுக்கு அளவின்றி இடும் யூரியாவும் எருவும் மண்ணில் நைத்திரேற்றாக மாறிக் கிணற்று நீரைச் சேர்கின்றன. நைத்திரேற்று உடலினுள் நைத்திரைற்றாகி, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். நீரைக் காய்ச்சினும் இது நீங்காது.

மஞ்சள், உள்ளி, முருங்கையிலை என்பவற்றைக் கோழித் தீனுடன் சேர்ப்போர் பலர். முருங்கையிலை உயிர்ச்சத்து ஏ தருவது. பசுந்தீனாகக் கொடுத்தல் நன்று. ஆயினும் எம்மூலிகையும் கெட்ட நீரை நன்னீராக்காது.

ஆகவே கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை:

1. பசளையை அளவறிந்து, பல தடவைகளாகப் பிரித்து இடுக.
2. மருந்து தெளிகருவியைக் கிணற்றடியிற் கழுவற்க.
3. எருக்குவியலையும் கோழிக்கூட்டையும் கிணற்றுக்குத் தொலைவில் அமைக்குக.
4. நீர்ப் பாத்திரத்தை நாள்தோறும் தேய்த்துக் கழுவி, எச்சம் விழாத உயரத்தில், நிழலில் வைக்குக. மூலிகை ஊறிய நீரை அன்றே கொட்டிவிடுக.
5. கிணற்று நீரைப் பரிசோதிப்பிக்குக. மனிதர் அருந்தும் நீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதாரத் தாபனத்தின் வரையறை.

கோழி அருந்தும் கிணற்றிலேயே வீட்டாரும் அருந்துகின்றனர். புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைக்கே நைத்திரேற்று மிகவும் கேடானது. கிணற்றைக் காப்பவர் கோழியையும் குழந்தையையும் ஒருங்கே காக்கின்றார்.