குதிரையும் வீரரும் ஒரே கணக்கில்

கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் நிற்கும் நிலம் முன்னாளில் சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் பந்தயத் திடல். ஆதலின், குதிரைப் போட்டி என்றவுடன் இந்நகரத்தார்க்குப் பந்தயமே நினைவுக்கு வருதல் இயல்பு. பந்தயத்தில் நடுவர் வேலை எளிது. எல்லைக் கோட்டை முதலில் கடந்த குதிரை வென்றது. 'ஈவெண்டிங்' என்னும் முப்பிரிவுப் போட்டியின் கணக்கு வேறு. ஒரே குதிரையும் ஒரே வீரரும் நடை, நெடுவழி ஓட்டம், தடை தாண்டல் ஆகிய மூன்றிலும் தேறுதல் வேண்டும். பள்ளியில் பெற்றதைக் கூட்டுவர். இங்கு இழந்ததைக் கூட்டுவர். குறைந்த எண்ணுடையாரே முதல்வர்.

பெங்களூரு வீரர் ஃபுவாத் மிர்சா, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 'சேன்யூர் மெடிகாட்' என்னும் குதிரையுடன் பெற்ற எண்களைக் கொண்டு இதனை விளக்கலாம். முதற்பிரிவு 'டிரெஸ்ஸாஜ்'. 2018 ஆசிய விளையாட்டில் மலேசியாவின் காபில் அம்பாக் தனிப்போட்டியாக வெள்ளி வென்ற கலை இதுவே. வட்டமிடல், நடைமாற்றம், அசையாது நிற்றல் ஒவ்வொன்றுக்கும் நடுவர் பத்துக்கு இத்தனை என்று இடுவர். அதனை நூற்றுக்காக்கி, நூறிலிருந்து கழிப்பர். மிர்சா பெற்றது 72. ஏட்டில் ஏறியது 28. புறப்பொருள் நூலோர் 'குதிரைமறம்' எனத் தனித்துறை வகுத்துக் குதிரையின் வீரத்தை வேறாகப் பாடவைத்தனர். இந்த 28-இல் குதிரையின் பிழை எவ்வளவு, வீரரின் பிழை எவ்வளவு என்று பிரித்தெடுக்க எவராலும் இயலாது.

நெடுவழி ஓட்டத்தில் குதிரை தடையொன்றை மறுத்தால் 20. குறித்த காலத்தைக் கடந்த வினாடி ஒவ்வொன்றுக்கும் 0.4. முந்தி வந்தார்க்குப் பரிசில்லை. குதிரையை வீணே விரட்டாதிருக்கச் செய்த நல்விதி இது. குறித்த காலம் 7 நிமிடம் 45 வினாடி. மிர்சா 28 வினாடி தாழ்ந்தார், 11.2 சேர்ந்தது. அதே ஓட்டத்தில் 'ஜெட் செட்' என்னும் சுவிட்சர்லாந்துக் குதிரையின் கால் தசைநார் அறுந்தது. குணப்படுத்த வழியின்மையால், அதன் துயர் தீர உயிரைப் போக்க நேர்ந்தது.

ஓட்டம் முடிந்தபின், தடை தாண்டலுக்கு முன்னர், குதிரையை நடுவர்முன் நடத்தியும் ஓட்டியும் காட்டுதல் வேண்டும். நொண்டல் காணப்பட்டால் அதனை விலக்குவர். இச்சோதனைக்குப் புள்ளி ஒன்றுமில்லை. எனினும், முதலிடத்திலுள்ள குதிரையும் இதில் தேறாவிடில் வெளியேற வேண்டியதே.

தடை தாண்டலில் ஒரு கழி விழுந்தால் 4. மிர்சா முதற்சுற்றில் 8, இறுதிச்சுற்றில் 12.4 இழந்தார். மொத்தம் 59.6, இடம் 23.

இவ்விணையே 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நடையில் 22.4 பெற்று, நெடுவழியில் ஏதும் இழக்காது, முன்னணியில் நின்றது. கடைசிப் பிரிவில் ஒரு கழி விழுந்தது; கணக்கு 26.4 ஆயிற்று. தங்கம் வென்ற ஜப்பானியர் ஓய்வாவின் கணக்கு 22.7.