சின்ன காருக்குள் இவ்வளவு சங்கதியா? உங்களுக்குத் தெரியுமா?

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் ஏன் நடுங்குகிறது? ஊட்டி மலை ஏறும்போது வண்டி ஏன் திணறுகிறது? ஏசியைப் போட்டதும் பிக்-அப் எங்கே ஓடி ஒளிகிறது? சின்ன கார் வைத்திருக்கும் எல்லோரும் இதைத் தினமும் அனுபவிக்கிறோம். "சின்ன வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அப்படி விடலாமா? அந்த நடுக்கத்துக்கும் திணறலுக்கும் பின்னால் ஒவ்வொரு கணக்கு இருக்கிறது. எஞ்சின் படுத்திருக்கும் விதத்துக்குப் பின்னால் ஒரு போரே இருக்கிறது! சீட் பெல்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள், கிளம்பலாம்.

உங்கள் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தது ஒரு கால்வாய்ச் சண்டை, தெரியுமா?

1956. சூயஸ் கால்வாய் நெருக்கடி. எண்ணெய் வரத்து தடைபட்டு, பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. குறைவாகக் குடிக்கிற குட்டிக் கார் ஒன்று உடனே வேண்டும் என்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் துடித்தது. வேலை அலெக் இசிகோனிஸ் கைக்குப் போனது. இன்றைய துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர் அவர். பத்தே அடி நீளத்துக்குள் நாலு பேரும் பெட்டிகளும் அடங்க வேண்டும். எஞ்சினை நீளவாக்கில் வைத்தால் பாதி இடம் அதற்கே போய்விடும். தூக்கிக் குறுக்கே வைத்தார்! கியர் பாக்ஸை எஞ்சினுக்கு அடியிலேயே சொருகினார். இரண்டுக்கும் ஒரே ஆயில். முன்சக்கரங்களே வண்டியை இழுத்ததால், பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட தண்டும் அதற்கான மேடும் தேவைப்படவில்லை. 1959ல் வெளிவந்த மினியின் தரைப்பரப்பில் சுமார் 80 சதவீதம் ஆட்களுக்கும் சாமானுக்கும்தான்! உங்கள் ஆல்ட்டோ, ஸ்விஃப்ட், டியாகோ எதுவானாலும் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் குறுக்கேதான் படுத்திருக்கும்.

சிக்னலில் வண்டி உதறுவது ஏன் தெரியுமா?

ஐடிலில் நிற்கும்போது உள்கண்ணாடியைக் கவனியுங்கள். பின்னால் நிற்கும் பஸ்ஸின் போர்டு எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். பாட்டிலில் தண்ணீர் இருந்தால் மேலே வளையம் வளையமாக அலை ஓடும். மெக்கானிக்கிடம் கேட்டால், "மூணு சிலிண்டர் சார், அப்படித்தான் உதறும்" என்பார். அவர் சொல்வது சரிதான்! நாலு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் 180 டிகிரி சுற்றும்போது ஒரு வெடிப்பு. மூன்று சிலிண்டரில் 240 டிகிரிக்கு ஒன்று. இடைவெளி அதிகம், அதனால் அடி தனித்தனியாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு, ஒரு முனையின் பிஸ்டனும் மறுமுனையின் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று ஈடு கொடுப்பதில்லை. எஞ்சின் தலையும் வாலுமாக ஆடப் பார்க்கிறது. அப்புறம் ஏன் மூன்று? உரசும் பாகங்கள் குறைவு, எடை குறைவு, குடிக்கும் பெட்ரோலும் குறைவு! 2024ல் வந்த புது ஸ்விஃப்ட்கூட நாலிலிருந்து மூன்றுக்கு இறங்கிவிட்டது.

மாருதி 800 ஜப்பானில் இன்னும் சின்ன எஞ்சினோடு ஓடியது, தெரியுமா?

1983 டிசம்பர் 14. டெல்லியில் ஹர்பால் சிங் என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியரின் கையில் முதல் மாருதி 800ன் சாவியைக் கொடுத்தவர் பிரதமர் இந்திரா காந்தி! குலுக்கலில் விழுந்த அதிர்ஷ்டம். விலை ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி. 2010ல் இறக்கும் வரை அவர் அந்தக் காரை விற்கவே இல்லை. வண்டியின் பூர்வீகம் ஜப்பானின் 'கே' கார் குடும்பம். அந்தக் காலத்தில் அந்த ஊர் வரிச்சலுகை வேண்டுமென்றால் எஞ்சின் 550 சிசிக்குள், அகலம் 1.4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 1986ல் நம்மிடம் மாறிய மாடலின் மூலமான ஆல்ட்டோ அங்கே 543 சிசியில் ஓடியது. நமக்கு 796 சிசி. எஞ்சினைக் கூட்டினார்கள், உடம்பு குறுகலாகவே இருந்தது. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் தோள் உரசியது சும்மா இல்லை! இன்னொன்று: நம் ஊரில் மஞ்சள் போர்டு என்றால் வாடகை வண்டி. ஜப்பானில் சொந்த 'கே' காருக்குத்தான் மஞ்சள் போர்டு!

கார்களின் வாலை வெட்டியது ஒரு பட்ஜெட், தெரியுமா?

2006 பட்ஜெட். நிதியமைச்சர் சிவகங்கைத் தொகுதி எம்.பி. ப.சிதம்பரம். நீளம் 4,000 மி.மீ.க்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருந்தால் உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதம் என்று அறிவித்தார். அவ்வளவுதான், கம்பெனிகள் டேப்பைக் கையில் எடுத்துவிட்டன! 2008ல் டாடா இண்டிகோவின் டிக்கியை வெட்டி 3,988 மி.மீ.யில் இண்டிகோ சிஎஸ் வந்தது. 4,160 மி.மீ. நீளம் இருந்த டிசையர், 2012ல் 3,995க்குச் சுருங்கியது. கோட்டுக்கு 5 மி.மீ. இந்தப் பக்கம்! சில செடான்களைப் பக்கவாட்டில் பார்க்கும்போது பின்பக்கம் மட்டும் யாரோ அவசரமாக முடித்துவிட்டது போல இருக்கிறதே, அதை வரைந்தது டிசைனரின் பென்சில் மட்டும் இல்லை, வரிச் சட்டமும்தான். அந்தக் கோடு இன்றும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அதே நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது.

தாத்தா குனியாமல் ஏறும் காரை நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்தார்கள், தெரியுமா?

1998ல் சென்னைக்குப் பக்கத்திலிருந்து சான்ட்ரோ வந்தபோது, "என்ன இது, கோணல்மாணலாக?" என்று சிரித்தவர்கள் பலர். ஏறி உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றது. ரகசியம் சீட்டின் உயரம். தாழ்ந்த காரில் உட்காருவது என்றால் பள்ளத்தில் இறங்குவது; எழுந்திருக்க முழங்கால்தான் மொத்தப் பாரத்தையும் தூக்க வேண்டும். சீட் இடுப்பு உயரத்தில் இருந்தால் திரும்பி உட்கார்ந்தாலே போதும். மூட்டுவலிக்காரர்களையும் பட்டுச் சேலைக்காரர்களையும் கேட்டுப் பாருங்கள், இதன் அருமையைச் சொல்வார்கள். நீளத்தைக் கூட்ட முடியாதா, கூரையைக் கூட்டு! அடுத்த ஆண்டே வேகன்-ஆரும் அதே வழியில் வந்தது.

ஊட்டிக்குப் போவதற்குள் உங்கள் எஞ்சினில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது, தெரியுமா?

மேட்டுப்பாளையம் வரை பறந்து வந்த வண்டி. நாலு பேர், டிக்கி நிறைய மூட்டை. பர்லியாறு தாண்டியதும் மூன்றாவது கியர் இழுக்காது. இரண்டாவதில் எஞ்சின் அலறும். பின்சீட்டிலிருந்து, "ஏசியை ஆஃப் பண்ணுங்க, வண்டி பாவம்!" என்று குரல் வரும். வண்டியைக் குறை சொல்லாதீர்கள், காற்றைச் சொல்லுங்கள்! ஊட்டி இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். காற்று குறைந்தால் எரிக்க முடிந்த பெட்ரோலும் குறையும், சக்தியும் அதே கணக்கில் குறையும். 65 குதிரைத்திறன் வண்டி அங்கே 52ஆக நிற்கும்! டர்போ வைத்த கார் காற்றை அமுக்கித் திணிப்பதால் இந்த அடி அதற்கு அவ்வளவாக விழாது.

ஆனால் வளைவு வந்தால் சின்ன கார்தான் ராஜா. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைச் சாலையில் 40. மாருதி 800ன் திருப்பு ஆரம் 4.4 மீட்டர்தான். பெரிய வண்டி ஒருமுறை ரிவர்ஸ் எடுத்துத் திரும்பும் இடத்தில், இது ஒரே வெட்டில் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கும். இறங்கும்போது மட்டும் பழைய டிரைவர்கள் சொல்வதை மறக்கவே கூடாது: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு!

உங்கள் காரைத் தாங்குவது ஒரு ஏ4 தாளைவிடச் சின்ன இடம், தெரியுமா?

கணக்குப் போடுவோம். நாலு பேரோடு சின்ன காரின் எடை சுமார் 1,000 கிலோ. சக்கரத்துக்கு 250. டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று என்றால் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 2.1 கிலோ. வகுத்துப் பாருங்கள்: ஒரு டயர் ரோட்டைத் தொடுவது சுமார் 120 சதுர செ.மீ. நாலும் சேர்ந்தால் 480. ஏ4 தாள் 623! மழையில் பிரேக் அடிக்கும்போது உங்கள் குடும்பம் நம்பியிருப்பது இந்த இடத்தைத்தான். டயர் வழுவழுவென ஆன பிறகும், "இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடும்" என்று தள்ளிப்போடலாமா, சொல்லுங்கள்!

ஓவர்டேக் செய்யும்போது ஏசி தானாகவே லீவு போடும், தெரியுமா?

ஏசி கம்ப்ரஸர் எஞ்சினின் பெல்ட்டில்தான் சுற்றுகிறது. பெரிய எஞ்சினுக்கு அது தூசு. 40 குதிரைத்திறனைத் தொடாத பழைய 800க்கு அது சுமை. அதனால்தான் லாரியைத் தாண்டும் முன் கை தானாக ஏசி பட்டனுக்குப் போகும். இன்றைய பல கார்களில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால், கம்ப்யூட்டரே சில விநாடிகள் கம்ப்ரஸரைக் கழற்றிவிடுகிறது! வெயிலில் நிறுத்திய வண்டிக்கு ஒரு வழி: முதலில் நாலு கண்ணாடியையும் இறக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிச் சூட்டை வெளியேற்றுங்கள், அப்புறம் ஏசி. மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி ஏறிவிடும். குழந்தையை உள்ளே விட்டுவிட்டு, "இதோ வந்துட்டேன்" என்று கடைக்குள் போகவே கூடாது!

ஷோரூம் சொல்லும் மைலேஜ் ரோட்டில் எடுத்ததே இல்லை, தெரியுமா?

ஆய்வகத்தில் உருளைகளின் மேல் சக்கரம் சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அதிகபட்ச வேகம் 90 கி.மீ., ஏசி கிடையாது, எதிர்காற்று கிடையாது, குறுக்கே வரும் ஷேர் ஆட்டோவும் கிடையாது. அங்கே கிடைத்த எண்ணை கிண்டி டிராஃபிக்கில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? நான்குவழிச் சாலையில் இன்னொரு திருட்டு நடக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 80லிருந்து 100க்குப் போனால் எதிர்ப்பு 56 சதவீதம் கூடும்! உண்மையான மைலேஜ் தெரிய ஒரே வழி: ஃபுல் டேங்க் போடுங்கள், ஓட்டுங்கள், திரும்ப ஃபுல் டேங்க் போடுங்கள், வகுத்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்டி காரில் தலை முன்னும் பின்னும் ஆடுவது ஏன் தெரியுமா?

2014ல் செலேரியோவோடு இந்தியாவில் அறிமுகமான ஏஎம்டி, அசல் ஆட்டோமேட்டிக்கே இல்லை! உள்ளே இருப்பது சாதாரண கியர் பாக்ஸ், சாதாரண கிளட்ச். உங்கள் இடது காலுக்கும் இடது கைக்கும் பதிலாக ஒரு இயந்திரக் கை வேலை செய்கிறது. கியர் மாற்றும் அந்த நொடியில் கிளட்ச் விலகும், இழுவை நிற்கும், உங்கள் தலை முன்னால் போகும். வைத்திருப்பவர்கள் கண்டுபிடித்த வித்தை: கியர் மாறப்போவது காதில் விழுந்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சற்றே தளர்த்துங்கள். தலையாட்டல் பாதியாகிவிடும்!

வேகத்தடையில் குட்டிக் காருக்குத்தான் லாபம், தெரியுமா?

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். 25 கி.மீ. வேகத்தில் சுகமாகக் கடக்கலாம். நம் தெருவில் இருப்பது யார் விதிப்படி என்று கேட்காதீர்கள்! அடியில் 'டர்ர்' என்று உரசினால் வயிறு கலங்கும். ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே தூரம் குறைவாக இருந்தால், மேட்டின் உச்சியில் வயிறு தட்டும் வாய்ப்பும் குறைவு. அதனால்தான் நீளமான செடான் நொந்துபோகும் இடத்தில் ஆல்ட்டோ அலட்டாமல் தாண்டுகிறது.

எலிக்கு உங்கள் பானெட் ஏன் பிடிக்கிறது தெரியுமா?

எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும். ராத்திரி எஞ்சின் சூடு, இருட்டு, மெத்தென்ற ஒயர் உறை... வேறென்ன வேண்டும்! தெருவில் நிற்கும் வண்டியின் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் தேங்காய்ச் சில்லும் கந்தல் துணியும் கொட்டும். புகையிலை, அந்துருண்டை, கம்பிவலை என்று ஆளுக்கொரு வைத்தியம். தினமும் வண்டியை எடுங்கள். பல நாள் நின்ற வண்டியில்தான் எலி குடித்தனம் வைக்கும்.

நானோவின் பெட்ரோல் மூடி எங்கே தெரியுமா?

முன்பக்க பானெட்டுக்குள்! இரண்டு சிலிண்டர், 624 சிசி எஞ்சின் பின்சீட்டுக்குப் பின்னால். சக்கரத்துக்கு மூன்றே நட்டு, கண்ணாடிக்கு ஒரே வைப்பர். முதலில் வந்த நானோவில் டிக்கிக் கதவு திறக்கவே திறக்காது. பெட்டியை உள்ளே வைக்கப் பின்சீட்டைத்தான் மடக்க வேண்டும். திறக்கிற டிக்கி 2015ல்தான் வந்தது.

கடைசியாக ஒன்று. மீட்டரில் பெட்ரோல் பங்க் படத்துக்குப் பக்கத்தில் குட்டியாக ஓர் அம்புக்குறி இருக்கிறதே, அது எதற்குத் தெரியுமா?

டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று காட்ட! 1986ல் ஃபோர்டு பொறியாளர் ஜிம் மொய்லன் மழையில் தப்பான பக்கம் வண்டியை நிறுத்தி, தொப்பலாக நனைந்த பிறகு எழுதிக் கொடுத்த யோசனை அது. வருடக்கணக்கில் கண்ணுக்கு நேரே இருந்தும் கவனிக்காதவர்கள் ஏராளம். நீங்களும் அப்படியா? சாவியை எடுங்கள், போய்ப் பாருங்கள், அப்படியே நாலு டயருக்கும் காற்றைச் சரிபார்த்துவிட்டு வாருங்கள்!