ஆய்வில் குறை தெரிந்த வீட்டை வாங்கலாமா? பத்திரப் பதிவுக்கு முன் கவனிக்க வேண்டியவை

பெங்களூரு: வீடு வாங்கும் முன் பொறியாளரைக் கொண்டு சோதிக்கும்போது நீர்க்கசிவு, விரிசல் போன்ற குறைகள் தெரியவந்தால், அவ்வீட்டை வாங்குவதா, கைவிடுவதா என்ற கேள்வி எழுகிறது. அதற்கான விடை, குறையின் தன்மையோடு, வீடு புதியதா அல்லது மறுவிற்பனைக்கு வந்ததா என்பதையும் பொறுத்தது.

புதிய வீடு

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறைகளையும் வேலைத்தரக் குறைகளையும் கட்டுமான நிறுவனம் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். தவறினால், கர்நாடக ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தை அணுகி இழப்பீடு கோரலாம். எனினும், 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் அமைந்த அல்லது 8 வீடுகளுக்கு மிகாத திட்டங்களுக்கு ஆணையப் பதிவு கட்டாயமில்லை. எனவே, திட்டம் பதிவு செய்யப்பட்டுள்ளதா என்பதை முதலில் பார்ப்பது அவசியம்.

மறுவிற்பனை வீடு

1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாத முக்கியக் குறைகளை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆய்வில் வெளிப்பட்ட குறை, வாங்குபவர் அறிந்த குறையாகிவிடும்; பின்னர் அதைக் காட்டி இழப்பீடு கோருவது கடினம். ஆகவே விலைக் குறைப்பு, பழுதுபார்ப்பு, மறு ஆய்வு, முன்பணத்தைத் திரும்பப் பெறுதல் ஆகியவற்றை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

எப்போது கைவிடலாம்?

சுவர்ப் பூச்சில் தோன்றும் மெல்லிய விரிசல், குளியலறைக் கசிவு போன்றவற்றின் செலவைக் கணக்கிட்டு விலையில் கழிக்கலாம். தூண், உத்தரம், அடித்தளம் ஆகியவற்றில் பாதிப்பு இருந்தால் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துப்பூர்வ அறிக்கை இன்றி முடிவெடுக்கக் கூடாது. 2021 அக்டோபரில் பெங்களூரு கஸ்தூரி நகரில் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்தபோது, குடியிருந்தோர் முன்னதாகவே வெளியேறியதால் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது.

ஓ.சி. எனப்படும் குடியேற்றச் சான்றிதழ் இல்லாததும் பெருங்குறையே. அச்சான்றிதழையோ பணி நிறைவுச் சான்றிதழையோ சரிபார்த்த பிறகே வங்கிகள் கட்டடத்தின் பேரில் கடன் வழங்க வேண்டும் என 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மின்சாரம், குடிநீர் இணைப்புகளுக்கும் இதே நிபந்தனை விதிக்கப்பட்டது.

சுவரில் உள்ள குறையைப் பணம் செலவிட்டு நீக்கலாம். அனுமதியை மீறிக் கட்டப்பட்ட தளத்தை வாங்குபவரால் சரிசெய்ய இயலாது. அத்தகைய வீட்டை, விலை எவ்வளவு குறைந்தாலும், தவிர்ப்பதே பாதுகாப்பானது.