உங்களுக்குத் தெரியுமா? மூக்கைப் பெரிதாக்குவது லென்ஸ் இல்லை!

செல்ஃபியில் மூக்கு புடைத்துத் தெரிந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள்; குற்றவாளி தூரம். 12 அங்குலத்தில் எடுக்கும் படத்தில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. அவ்வளவு கிட்டத்தில், மூக்கைவிடக் காது நாலைந்து அங்குலம் தள்ளி இருப்பதே பெரிய வித்தியாசம். 5 அடி தள்ளிப்போனால் அது ஒன்றுமில்லை. 85 எம்எம் லென்ஸுக்குப் போர்ட்ரெய்ட்டில் இவ்வளவு மவுசு ஏன்? முகமும் தோளும் சட்டத்தில் நிரம்ப வேண்டுமென்றால், அதுவே உங்களை 5 அடி பின்னால் தள்ளிவிடும்.

வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பையனை மைதானத்தில் எடுக்க 85 சரி. அவனையே ஹவுசிங் போர்டு வீட்டுக்குள் ஜெர்சியோடு நிறுத்தித் தலைமுதல் கால்வரை எடுக்க, ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85க்கு ஏறக்குறைய 15 அடி வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் சுவரை இடிப்பதா? அங்கே 35 எம்எம்தான் கைகொடுக்கும். ஆறேழு அடி போதும். கொடியில் தொங்கும் துணியும் டிவி மேலுள்ள கோப்பைகளும் சேர்ந்தே விழும். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல படம். ஆளைச் சட்டத்தின் ஓரத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள், முகம் இழுபடும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 50 எம்எம் எஃப் 1.8. விலையும் குறைவு; தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரின் சிறிய சென்சாரில் அது 75, 80 எம்எம் போல நடந்துகொள்ளும்.