அரக்கன் எலும்பா, ஆற்றில் வந்த மரமா?

புதுச்சேரிக்கு வடமேற்கே, விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரை என்று ஓர் ஊர் இருக்கிறது. சங்கராபரணி ஆறு அருகில் ஓடுகிறது. வக்கரகாளியம்மனைத் தரிசிக்கப் பலரும் அங்கே செல்வார்கள். நீங்கள் சென்றால் ஊரை அடுத்துள்ள செம்மண் மேட்டையும் பார்த்து வாருங்கள். உருண்டு நீண்ட தண்டுகள் அங்கே மண்ணில் பாதி புதைந்து கிடப்பதைக் காண்பீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெட்டிப் போட்ட மரங்கள். தொட்டுப் பார்த்தாலோ கல்!

இவை என்ன? ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். வக்கராசுரன் என்ற கொடிய அரக்கனைத் திருமால் வதைத்தாராம்; அவனுடைய எலும்புகளே இப்படிக் கல்லாய்க் கிடக்கின்றனவாம்.

கதைதானே என்று சிரித்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் உயிரோடு இருந்த ஒன்றே இப்படிக் கல்லாகியது என்று அந்தக் கதை சொல்கிறதல்லவா? அதை விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் இவை எலும்புகள் அல்ல, மரங்கள். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள்!

மரம் எப்படிக் கல்லாகும்? ஒரு செங்கல் துண்டை உப்பு நீரில் ஊறவைத்து, பிறகு உலர விடுங்கள். நீர் ஆவியாகிவிடும், உப்பு செங்கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். கல்மரம் உருவான விதமும் ஓரளவு இதைப் போன்றதே. வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் ஆற்று மணலில் ஆழப் புதைந்தன. அங்கே பிராணவாயு போதிய அளவு இல்லாததால் அவை விரைவில் மக்கவில்லை. மணலில் ஊறிய நிலத்தடி நீரில் சிலிக்கா கரைந்திருந்தது. அது மரத்தின் செல்களுக்குள் புகுந்து சிறிது சிறிதாகப் படிந்தது. மரப்பொருள் சிதைந்து மறைந்தாலும் அதன் வடிவம் அப்படியே கல்லில் நிலைத்துவிட்டது.

மரங்கள் வெள்ளத்தில் வந்தவை என்று எப்படிச் சொல்கிறோம்? அவை படுத்த நிலையில் கிடக்கின்றன. வேர், கிளை, பட்டை ஆகியவற்றைக் காணோம். நெடுந்தூரம் உருண்டு வந்ததால் அவை உதிர்ந்திருக்க வேண்டும். கல்மரத்தை மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களின் அமைப்பு தெரியும். அதை இன்றைய மரங்களோடு ஒப்பிட்டு, புளிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையும் இவற்றுள் உண்டு என்று கண்டறிந்துள்ளனர்.

18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னெரா இக்கல்மரங்களைப் பற்றி எழுதினார். இன்று இவ்விடம் தேசியக் கல்மரப் பூங்காவாக, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

ஆனால் காவலும் வேலியும் மட்டும் போதுமா? "ஒரு சிறு துண்டுதானே!" என்று எடுத்துச் செல்ல ஆசை வரும். ஆயிரம் பேர் அப்படி நினைத்தால் என்ன ஆகும்? வெட்டிய மரத்துக்குப் பதில் வேறொரு கன்று நடலாம். கல்மரத்தை நட முடியுமா? மேலும், ஒரு துண்டு எந்த மண் அடுக்கில், எந்த நிலையில் கிடந்தது என்பதே ஆய்வாளருக்கு முக்கியமான சான்று. அது உங்கள் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அந்தச் சான்று அழிந்துபோகும்.

ஆகவே மாணவர்களே, திருவக்கரைக்குச் செல்லும்போது குறிப்பேடும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள். பாருங்கள், படம் வரையுங்கள், பெரியவர்களிடம் வக்கராசுரன் கதையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கல்லை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.