பள்ளி மரக்கன்றுகளைக் கோடை விடுமுறையில் காப்பது எப்படி?

விவசாயப் பெருமக்களே, உங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் நட்ட மரக்கன்றுகளில் எத்தனை இன்று உயிரோடு உள்ளன என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். நான் போன ஒரு பள்ளியில், ஒரே குழியில் மூன்றாவது ஆண்டாகக் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டும் மே மாதத்தில் காய்ந்தவை.

பிள்ளைகள் மீது குறை இல்லை. பள்ளி நடக்கும் நாட்களில், கை கழுவும் தண்ணீரைக்கூடத் தூக்கிச் சென்று ஊற்றுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடினால் திறக்க ஜூன் ஆகிவிடும். வெயில் உச்சத்தில் இருக்கும் அந்த ஐந்தாறு வாரங்களில்தான் கன்று சாகிறது. அங்கே நீங்கள்தான் கை கொடுக்க வேண்டும்.

கணக்கு பெரிதல்ல. ஒரு கன்றுக்கு வாரம் இரண்டு முறை, முறைக்கு 10 லிட்டர் போதும். 40 கன்றுகளுக்கு வாரம் 800 லிட்டர், அதாவது 200 லிட்டர் பேரலில் நான்கு. ஆறு வாரத்துக்கும் சேர்த்து 4,800 லிட்டர். நல்ல ஊற்றுள்ள கிணற்றில் 5 எச்.பி. மோட்டார் இதை அரை மணி நேரத்துக்குள் இறைத்துவிடும். பள்ளியை ஒட்டி நிலம் உள்ளவர்கள், விடுமுறைக்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் பேசி, யாருக்கு எந்த வாரம் என முறை வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் குறைவான ஊர்களில் பானைப் பாசனம் கைகொடுக்கும். ஐந்தாறு லிட்டர் பிடிக்கும் மண்பானையின் அடியில் சிறு துளையிட்டு, பருத்தித் துணித் திரியைச் செருகி, கன்றிலிருந்து ஓர் அடி தள்ளிக் கழுத்துவரை புதையுங்கள். வாயை மூடி வையுங்கள். இல்லையென்றால் கொசு முட்டையிடும். தூரைச் சுற்றித் தென்னை ஓலை, கரும்புச் சோகை என்று கிடைப்பதை மூடாக்காகப் போடலாம். ஆனால் தண்டை ஒட்டிப் போடாதீர்கள், கரையான் ஏறும். ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

அடுத்தது ஆடு. விடுமுறையில் பள்ளி மைதானம் மேய்ச்சல் நிலமாகிவிடுகிறது. வேம்பை ஆடு விடாது. புங்கனை அவ்வளவாகத் தொடாது. எதுவானாலும் சீமைக்கருவேல முள்ளை வட்டமாகக் கட்டிவிடுங்கள். முள் வேலையைப் பெரியவர்களே செய்யட்டும்.

புதிதாக நடுவதாக இருந்தால், வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள மாவட்டங்களில் அக்டோபர் மாதமே சரி. மூன்று மாத ஈரத்தில் வேர் இறங்கிவிடும். ஜூனில் விழாவுக்காக நடும் கன்று மழைக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் இடங்களில் மட்டும் ஜூனில் நடலாம்.

குழி இரண்டு அடி நீளம், அகலம், ஆழம் இருக்கட்டும். மேல்மண்ணோடு தொழுவுரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். மண்கட்டி உடைந்துவிடும் என்று பயந்து, பிள்ளைகள் பாலித்தீன் பையோடு நட்டுவிடுவதுண்டு. முதல் நாளே பைக்குத் தண்ணீர் ஊற்றினால் மண் உடையாது. பையைக் கிழித்து, அடியில் சுருண்ட வேரை வெட்டிவிட்டு நடச் சொல்லிக் கொடுங்கள்.

புங்கன், வேம்பு, நாவல், இலுப்பை எல்லாம் பள்ளிக்கு ஏற்றவை. அரசும் ஆலும் கட்டடத்தின் அருகே வேண்டாம், வேர் சுவரைப் பிளக்கும். முருங்கையை விளையாடும் இடத்தில் வைக்காதீர்கள். பிள்ளைகள் ஏறினால் கிளை முறியும்.